எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு வரும் அசதி: இது எத்தனையாவது வாரம்?

அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள் என் அக்கா குளித்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலை துவட்டத் துண்டை எடுத்தவள், கையைத் தூக்க முடியாமல் அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பத்து நிமிடம் அப்படியே இருந்தாள். "எடை குறைஞ்சா பஞ்சு மாதிரி ஆயிடுவேன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு உடம்புல கல்லைக் கட்டின மாதிரி இருக்கு" என்றாள். வலியை அவள் எதிர்பார்த்திருந்தாள், பொறுத்துக்கொண்டாள். இந்த அசதிதான் அவளைப் பயமுறுத்தியது.

நாம் எல்லாவற்றையும் 'அசதி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் இந்த அறுவைக்குப் பிறகு முதல் வாரத்தில் வரும் அசதி வேறு, ஒரு மாதத்தில் வருவது வேறு, ஒரு வருடம் கழித்து வருவது முற்றிலும் வேறு. காரணமும் வேறு, மருந்தும் வேறு. அதனால் யாராவது "ரொம்ப அசதியா இருக்கு" என்றால் நான் முதலில் கேட்பது, அறுவை முடிந்து எத்தனை வாரம் ஆயிற்று என்பதைத்தான்.

முதல் சில நாட்களின் அசதி புரிந்துகொள்ள எளிது. மயக்க மருந்தின் மிச்சம், வலி மாத்திரைகள், துண்டு துண்டான தூக்கம், உள்ளே ஆறிக்கொண்டிருக்கும் தையல்கள். காயம் ஆற்றுவது உடலுக்குப் பெரிய வேலை. அதற்காக நோய் எதிர்ப்பு மண்டலம் சுரக்கும் வேதிப்பொருட்களில் சில மூளைக்கும் போய், படுத்துக்கொள் என்று சொல்கின்றன. காய்ச்சல் வந்தால் படுக்கையை விட்டு எழ மனம் வராதே, கிட்டத்தட்ட அதே வழிதான்.

அதற்குப் பிறகுதான் ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. உடம்பில் இத்தனை கிலோ கொழுப்பு சேர்ந்திருக்கிறது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. கிடங்கு நிறைய எரிபொருளை வைத்துக்கொண்டு ஏன் ஒருவர் மாடிப்படி ஏறத் திணற வேண்டும்?

கிடங்கில் இருப்பது வேறு, தேவைப்படும் நேரத்தில் கைக்கு வருவது வேறு. இந்த அறுவையின் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நீக்கிவிடுகிறார்கள். இரைப்பை பைபாஸ் முறையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பைதான் இரைப்பையாக வேலை செய்யும். முதல் வாரங்களில் நாளுக்குச் சில நூறு கலோரிக்கு மேல் உள்ளே போவது கடினம். உடல் முதலில் கை வைப்பது கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பில். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம், அவ்வளவுதான் அது. கல்லீரல் இருப்பு ஓரிரு நாளில் கரைந்துவிடும். தசையில் இருப்பதும் சரியாக நிரம்பாது. மூளையால் கொழுப்பு அமிலங்களை நேரடியாக எரிக்க முடியாது. கல்லீரல் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றிக் கொடுக்க வேண்டும், மூளையும் அதற்குப் பழக வேண்டும். அந்த மாற்றத்துக்குச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். தலை மந்தமாக இருப்பது, ஒரு பக்கம் படித்தும் எதுவும் மனதில் நிற்காதது எல்லாம் இந்த இடைவெளியில்தான். தசைக்கும் சிக்கல் உண்டு. மெதுவாக நடக்கக் கொழுப்பு போதும். படியேறுவது, கனமானதைத் தூக்குவது போன்ற திடீர் வேலைக்குச் சர்க்கரை வேண்டும். சமதளத்தில் நன்றாக நடப்பவர் பத்தாவது படியில் நின்றுவிடுவது இதனால்தான்.

கிளைகோஜன் போகும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகமும் உப்பைப் பிடித்து வைக்காமல் வெளியே விடுகிறது. விளைவு, எழுந்து நின்றதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது. ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பழைய எடைக்கும் பழைய சாப்பாட்டுக்கும் எழுதிய அளவு இப்போது அதிகமாகிவிடலாம். தாமாகக் குறைக்கக் கூடாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் தலைசுற்றல் வந்த அன்றே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். இது வெறும் அசதி என்று ஒரு மாதம் தள்ளிப்போடுகிற விஷயம் அல்ல.

சரி, தண்ணீர் குடித்தால் போயிற்று என்று தோன்றும். எங்கள் வீட்டில் 30 மில்லி அளவுக் கோப்பை ஒன்றை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் அப்படி 50 கோப்பை. ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடிக்க முடியாது, நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொள்ளும். விழித்திருக்கும் 15 மணி நேரத்தில் மணிக்கு மூன்று, நான்கு கோப்பையைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தால்தான் கணக்கு சரியாக வரும். அக்கா மதியம் 12 மணிக்கு எண்ணிப் பார்த்தபோது ஆறு கோப்பைதான் ஆகியிருந்தது. அன்று மாலை ஏன் தலைவலி வந்தது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம், மூன்றாம் வாரத்திலிருந்து உடல் இன்னொன்றையும் செய்கிறது: செலவைக் குறைக்கிறது. தைராய்டு ஹார்மோனின் செயல்படும் வடிவமான டி3 குறைகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது. கை கால் சில்லிடும், எதிலும் ஆர்வம் இருக்காது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து இதை நேரடியாகப் பார்த்தார். ஆறு மாதம், நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. அவர்கள் எடையில் கால் பங்கு குறைந்தது. குளிர் தாங்கவில்லை, சிரிப்பு மறைந்தது, எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை. தாமாக முன்வந்த திடமான ஆண்கள் அவர்கள். அறுவை முடித்துச் சோர்ந்து கிடப்பவரைப் பார்த்து "கொஞ்சம் மனசு வைக்கணும்" என்று அறிவுரை சொல்பவர்களுக்கு நான் அந்த 36 பேரைத்தான் நினைவூட்டுவேன். இது மனவலிமைக் குறைவே அல்ல.

இந்தக் கட்டத்தில் புரதம் முக்கியம். பெரும்பாலும் நாளுக்கு 60 கிராமாவது எடுக்கச் சொல்கிறார்கள். அது குறைந்தால் உடல் தசையை உடைத்துத் தேவையை நிரப்பிக்கொள்ளும். ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் அந்தத் தசையில்தான் நிறைய இருக்கின்றன. நடையும் அதற்காகத்தான். முழு நாளும் படுத்திருந்தால் தசை இன்னும் கரையும், காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. ஒரே நடையாக அரை மணி நேரம் போவதைவிட ஐந்து நிமிடம், ஐந்து நிமிடமாக ஆறு முறை நடப்பது இந்த உடலுக்குப் பொருந்தும். நன்றாக இருக்கிற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்து, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

ஒரு அசதியை மட்டும் பொறுத்துக்கொள்ளவே கூடாது. தயமின் என்ற வைட்டமின் பி1 உடலில் மொத்தமே 25 முதல் 30 மில்லிகிராம்தான் இருக்கும். உள்ளே புதிதாகப் போகாவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும். அறுவைக்குப் பிறகு வாந்தி நிற்காமல் இருந்து, அசதியோடு பார்வை இரட்டையாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால், பேச்சில் குழப்பம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன அறுவை நடந்தது, எத்தனை நாளாக வாந்தி என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். அதேபோல முதல் வாரங்களில் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டே இருப்பது, காய்ச்சல், மூச்சுத் திணறல், வயிற்றில் கடும் வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தையல் கசிவின் அல்லது ரத்தக்கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரை, இரண்டு மாதத்தில் தெம்பு திரும்பத் தொடங்குகிறது. அப்புறம் பல மாதம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி அசதி வந்தால் அது புதுக் கதை. உணவிலுள்ள இரும்பைக் கரைக்க இரைப்பையின் அமிலம் வேண்டும், உறிஞ்ச முன்சிறுகுடல் வேண்டும். பைபாஸில் உணவு முன்சிறுகுடல் பக்கமே போவதில்லை. பி12ஐ உறிஞ்ச இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதத்தின் துணை தேவை, அதுவும் குறைந்துவிடுகிறது. கல்லீரலில் பி12 இருப்பு நிறைய உள்ளதால் இந்தக் குறை ஒரு வருடம், அதற்கு மேலும்கூட வெளியே தெரியாது. இரும்பும் அப்படி மெல்லத்தான் வடியும். ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே இருப்பைக் காட்டும் பெரிட்டின் தரைமட்டத்துக்குப் போயிருக்கலாம்.

அக்காவுக்கு அது பதினான்காம் மாதத்தில் நடந்தது. எடை குறைந்திருந்தது, எல்லாரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள், அவளோ மாலை ஆறு மணிக்கே படுத்துவிடுவாள். வேலைப்பளு என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பெரிட்டின் பரிசோதனைதான் காரணத்தைச் சொன்னது. மாத்திரை அவள் விடாமல் சாப்பிட்டுவந்தாள், ஆனால் இரும்பையும் கால்சியத்தையும் காலையில் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள், கூடவே டீயும். கால்சியமும் டீயும் இரும்பை உள்ளே போகவிடாமல் தடுக்கும். இப்போது இரண்டு மாத்திரைகளுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, சீட்டில் பெரிட்டின் எழுதியிருக்கிறதா என்று அவளே பார்த்துக் கேட்கிறாள்.