பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால் வறுமை நீங்கியதா?

கிராமப்புற வறுமை ஒழிப்புத் திட்ட அறிக்கைகளில் 'பயனாளிகளின் வருமானம் 30 சதவீதம் உயர்ந்தது' என்பது போல ஒரு வரி இருக்கும். அதில் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த வரி சொல்லாது.

மழை பொய்த்து, மாடு செத்து, சம்பாதிப்பவர் படுத்துவிட்ட ஆண்டில் கணக்கெடுத்தால் ஒரு குடும்பம் திட்டத்தின் ஏழைகள் பட்டியலில் ஏறிவிடும். மறு ஆண்டு மழை பெய்தால் திட்டம் இல்லாமலே ஓரளவு தேறும். அதனால்தான் அதே நிலையில் இருந்து, உதவி பெறாத குடும்பங்களையும் அளக்க வேண்டும். பயனாளிகளின் வருமானம் 100-லிருந்து 130-க்கும், மற்றவர்களுடையது 100-லிருந்து 122-க்கும் போயிருந்தால் திட்டத்தின் பயன் 8 மட்டுமே. இதுவும் திட்டத்துக்கு முன் இரு தரப்பும் ஒரே போக்கில் போயிருந்தால்தான் செல்லும்.

ஏழைக் குடும்பங்களுக்குப் பண உதவி தந்த மெக்சிகோவின் ப்ரோக்ரேசா திட்டம் (1997) இதைச் சரியாகச் செய்தது. ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் குலுக்கல் முறையில் 320-க்கு முதலில் உதவி போனது. மீதி 186-க்குப் பின்னால். யாரையும் கைவிடாமலே ஒப்பீட்டுக் குழு கிடைத்தது.

பட்டியலையும் சோதிக்க வேண்டும். ஊரில் ஏழைக் குடும்பங்கள் 200, பட்டியலில் 150, அதில் உண்மையான ஏழைகள் 90 என்று வையுங்கள். தகுதியில்லாமல் நுழைந்தவர்கள் 60, அதாவது பட்டியலில் 40 சதவீதம். விடுபட்டவர்கள் 110, அதாவது ஏழைகளில் 55 சதவீதம். முதல் எண்ணுக்குத்தான் கூச்சல் எழும். பெரிய ஓட்டை இரண்டாவது.

வருமானத்தை மட்டும் கேட்காதீர்கள். உதவி நின்றுவிடும் என்ற பயத்தில் குறைத்தே சொல்வார்கள். உணவுச் செலவை 7 நாளுக்கும், துணிமணி, மருத்துவச் செலவை 12 மாதத்துக்கும் கேளுங்கள். சொந்த வயலில் விளைந்து உண்டதற்கும் விலை போடுங்கள். முதல் கணக்கெடுப்பு பஞ்ச மாதத்திலும் இறுதிக் கணக்கெடுப்பு அறுவடை முடிந்தும் நடந்தால், அளந்தது பருவத்தைத்தான். வீட்டைப் பூட்டிப் பிழைக்கப் போனவர்களைத் தேடிப் பிடிக்காவிட்டால் முடிவு ஒரு பக்கம் சாயும்.

உதவி நின்று 2 ஆண்டு கழித்து மறுபடி போங்கள். கொடுத்த ஆடு பட்டியில் இல்லையென்றால் உடனே 'தோல்வி' என்று எழுத வேண்டாம். விற்றுக் கந்துவட்டிக் கடனை அடைத்திருக்கலாம். மிச்சமான வட்டியையும் கணக்கில் சேருங்கள்.