வெண்டைக்காயும் கணக்கும்

"வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு நல்லா வரும்னு சொல்லித்தான் ஊட்டுறேன். முன்னாடி நாலு துண்டாவது தின்னவன், இப்போ தட்டையே தள்ளிவிடுறான். ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பையனுக்கு நாலரை வயதாம்.

2014-இல் வெளியான ஓர் ஆய்வில் மிகால் மைமாரன், அயலெட் ஃபிஷ்பாக் இருவரும் கிட்டத்தட்ட இதையேதான் சோதித்தார்கள். 3 முதல் ஐந்தரை வயது வரையுள்ள குழந்தைகள். கேரட்டும் உப்பு பிஸ்கட்டும். 'தின்றால் எண்ணத் தெரியும், வாசிக்க வரும், உடம்புக்கு வலு' என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தபோது குறைவாகவே தின்றார்கள். ஒன்று வேறு எதற்கோ உதவும் என்றால் அது ருசியாக இருக்காது என்று குழந்தை முடிவுகட்டிவிடுகிறது. கசப்பு மருந்தை நீட்டும்போதும் "நல்லதுடா கண்ணு" என்றுதானே சொல்கிறோம்!

வெண்டைக்காயில் நார்ச்சத்து உண்டு, ஃபோலேட் என்ற வைட்டமின் உண்டு. கணக்கு வரும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. பொய் சொல்லி ஊட்டுவதில் எனக்கு உடன்பாடும் இல்லை.

அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. 2013-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாரா கிரிப்ஷோவரும் எலன் மார்க்மனும் பாலர் பள்ளிக் குழந்தைகளுக்காக ஐந்து கதைப் புத்தகங்கள் தயாரித்தார்கள். உணவுக்குள் கண்ணுக்குத் தெரியாத சத்துகள் இருக்கின்றன. வயிறு அவற்றைப் பிரிக்கிறது. ரத்தம் உடம்பெங்கும் கொண்டுபோகிறது. ஒவ்வொரு வேலைக்கும் வெவ்வேறு சத்து வேண்டும், அதனால் ஒரே உணவு போதாது. இவ்வளவுதான் கதை. கேட்ட குழந்தைகள் சிற்றுண்டி வேளையில் தாமாக எடுத்துத் தின்ற காய்கறி முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலானது.

கண்ணுக்குத் தெரியாததை இந்த வயதில் எப்படி நம்புகிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கரைந்த சர்க்கரை இல்லாமலே போய்விட்டதாகச் சிறு குழந்தைகள் நினைப்பார்கள் என்று குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஒப்பவில்லை. என் அக்கா மகளுக்கு ஐந்து வயது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கச் சொன்னேன். அடியில் கரகரவென்ற சத்தம் மெல்ல அடங்கித் தண்ணீர் தெளிந்தது. "சர்க்கரை எங்கடி போச்சு?"

"உள்ளதான் சித்தி இருக்கு. குட்டி குட்டியாயிடுச்சு, அதான் தெரியல." விரலை நனைத்து நாக்கில் வைத்துக் காட்டினாள்.

சத்து என்ற கருத்துக்கு வேண்டிய பாதி அறிவு அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதியைச் சொல்ல நாம்தான் மெனக்கெடுவதில்லை. அங்கன்வாடிகளுக்குச் சத்துமாவு போகிறது. மிக நல்ல காரியம். கூடவே இப்படி ஐந்து கதைப் புத்தகங்களும் தமிழில் போக வேண்டும், அவற்றை எழுதிச் சோதித்துப் பார்க்க ஆய்வுப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அன்றிரவு பீட்ரூட் பொரியலை மென்றுகொண்டே, "இது எந்த வழியா கை வரைக்கும் போகும்?" என்றாள். அவள் மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். சாப்பிட்டு முடிக்கும் வரை இடது கையை என் மடியில் நீட்டியே வைத்திருந்தாள், நான் விரலை எடுக்கக் கூடாதாம்.