வெண்ணீரில் படகு விட முடியுமா?

மலையாறுகளில் பாறைகளுக்கு நடுவே சிறு படகை இறக்கி, துடுப்பை மட்டும் நம்பிப் போகும் விளையாட்டை ஆங்கிலத்தில் 'வைட்வாட்டர் பேடிலிங்' என்பார்கள். தமிழில் எழுதுகிறவர்களில் சிலர் இதை 'வெள்ளை நீர்ப் படகோட்டம்' என்று ஆக்கிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் இலக்கணம் பார்ப்பவர்கள் 'வெண்ணீர்' என்கிறார்கள். புணர்ச்சி விதிப்படி அது சரிதான். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கேட்பவர் நீங்கள் குளிக்கக் கிளம்பிவிட்டதாக நினைப்பார். வெந்நீருக்கும் வெண்ணீருக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு பலர் பேச்சில் காதுக்கு எட்டுவதில்லை.

பொருளும் இடிக்கிறது. அந்த நீருக்கு இயல்பில் வெள்ளை நிறம் கிடையாது. சரிவான படுகையில், ஒடுங்கிய பாறை இடுக்குகளில் ஆறு மோதி விழும்போது காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கான சிறு குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை தெரிகிறது. பத்தடி தள்ளி அமைதியான மடுவில் அதே நீர் பச்சையாகவோ நீலமாகவோ கிடக்கும். போதாக்குறைக்கு, அமேசான் படுகையைப் பற்றி எழுதும் புவியியலாளர்கள் 'வைட்வாட்டர்' என்று சொல்வது வண்டல் கலங்கிய ஆறுகளை. அங்கே நுரைக்கே வேலை இல்லை. இரண்டையும் 'வெண்ணீர்' என்று எழுதினால் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

நிறத்தை விட்டுவிட்டு நுரையைப் பிடித்துக்கொண்டால் தமிழில் வழி எளிது. விரைந்து ஓடும் ஆற்றுநீருக்குப் 'புனல்' என்ற பழைய சொல் கையிலேயே இருக்கிறது. 'நுரைப்புனல்' என்றால் விளக்கமே வேண்டாம். துடுப்புக்காரர்களுக்கும் இது பொருந்தும். குமிழி நிறைந்த நீர் அடர்த்தி குறைந்தது. அதில் படகு கொஞ்சம் அமிழும், துடுப்புக்குப் பிடி கிடைக்காது. அவர்கள் பார்ப்பது நுரையைத்தானே!

ஆறு சரிவில் வேகமெடுத்துக் கொந்தளிக்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'ரேப்பிட்' என்பார்கள். பிடுங்கிச் செல்வதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். தமிழில் 'பாய்ச்சல்' போதும் என்பது என் எண்ணம். பாய்ச்சல்களை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் பன்னாட்டு அளவுகோல் ஒன்று உண்டு. ஒன்று என்றால் சலசலப்பு, ஆறு என்றால் உயிரைப் பணயம் வைப்பது. 'மூன்றாம் தரப் பாய்ச்சல்' என்றால் புரிகிறது இல்லையா?

அடுத்து 'பேடில்'. துடுப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான், ஆனால் இந்தச் சொல்லின் கதையைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் இது முதலில் மண்ணைச் சுரண்டும் சிறு மண்வெட்டியின் பெயர். பிறகுதான் ஆற்றுக்குப் போனது. தமிழ்த் துடுப்போ அடுக்களையிலும் இருக்கிறது, அடிபிடிக்காமல் துழாவும் மரக்கரண்டியாக. பாடப்புத்தகத்தில் மீனுக்கும் துடுப்பு உண்டு. இலங்கைத் தமிழர்கள் கிரிக்கெட் மட்டையையே துடுப்பு என்கிறார்கள், துடுப்பாட்டம் என்றால் அங்கே மட்டை வீச்சு. ஆகவே ஆற்று விளையாட்டுக்குத் 'துடுப்பாட்டம்' என்று பெயர் வைக்கலாமே என்று தோன்றினால், அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

வினைச்சொல்லில்தான் பெரிய குழப்பம். 'பேடிலிங்', 'ரோயிங்' இரண்டுமே நம்மிடம் 'துடுப்பு போடுதல்' ஆகிவிடுகின்றன. உண்மையில் இரண்டும் வேறு. ரோயிங்கில் துடுப்பு படகின் விளிம்பில் பூட்டப்பட்டிருக்கும். வலிப்பவர் பெரும்பாலும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். பேடிலிங்கில் துடுப்பு எதிலும் பூட்டாமல் கையில் இருக்கும், முகம் முன்னோக்கி இருக்கும். அடுத்த பாறை எங்கே என்று தெரியாமல் நுரைப்புனலில் எப்படிப் போவது? ரோயிங்குக்கு 'வலித்தல்' என்பதை வைத்துக்கொள்ளலாம். பேடிலிங்குக்கு, அடுக்களையிலிருந்தே எடுத்து, 'துழாவுதல்' என்பேன். சிரிப்பு வரலாம். கை செய்யும் வேலை அதுதான்.

கயாக்கை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அது இன்யூட் மக்களின் 'கயாக்'. கடலில் மிதந்துவந்த மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் போர்த்திய வேட்டைப் படகு. நம் கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகி ஊர் சுற்றுவதைப்போல அவர்கள் சொல்லும் சுற்றட்டும். ஒன்று மட்டும்: 'கயம்' என்றால் நீர்நிலை, ஆகவே கயாக் தமிழ்தான் என்று யாராவது கிளம்பினால், அது ஒலி ஒற்றுமை மட்டுமே. இன்னொரு துடுப்புப் படகான கனோவின் பெயர் கரீபியத் தீவு மக்களின் சொல், ஸ்பானியர் வழியாகப் பரவியது. இன்றைய நுரைப்புனல் போட்டிப் படகுகளில் இரண்டும் மேலே மூடியே இருப்பதால் பார்த்ததும் பிரித்தறிவது கடினம். துடுப்பைப் பாருங்கள். இரு முனையிலும் அலகு, அதாவது நீரைத் தள்ளும் தட்டையான பகுதி, இருந்தால், ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் கயாக். ஒற்றை அலகும் மண்டியிட்ட நிலையும் என்றால் கனோ. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நுரைப்புனல் 'ஸ்லாலம்', அதாவது தொங்கும் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் போட்டி, நடந்தபோதே இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. அதற்கென்று ஆக்ஸ்பர்க் நகரில் செயற்கை ஓடையே கட்டினார்கள்.

பலர் சேர்ந்து ஏறிப் போகும் மிதவையான ராஃப்டுக்கு 'தெப்பம்' என்றால் அசையாத குளம் கண்முன் வந்துவிடுகிறது. 'புணை' நல்ல சொல். கட்டுதல், பிணைத்தல் என்ற பொருளோடு உறவுள்ளது. ஆங்கில ராஃப்டும் பழைய ஸ்காண்டிநேவியர் மொழியில் மரக்கட்டையைக் குறித்த சொல்தான். இன்றைய ராஃப்ட் காற்றடைத்த ரப்பர், கட்டும் இல்லை மரமும் இல்லை, சரி, பெயர் தங்கிவிட்டது. 'யாதும் ஊரே' என்று தொடங்கும் புறநானூற்றின் 192ஆம் பாட்டில் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம். உள்ளே போனால் 'கல்பொருது இரங்கும் மல்லற் பேர்யாற்று நீர்வழிப் படூஉம் புணைபோல்' என்று வருகிறது. கல்லில் மோதி இரைச்சலிடும் பேராறு, அதன் போக்கில் போகும் புணை. நுரைப்புனலுக்கு இதைவிட என்ன வருணனை வேண்டும்? ஆனால் பூங்குன்றனாரின் புணை நீரின் போக்கிலேயே போகிறது. ராஃப்டில் ஏறியவர்கள் அப்படி விட்டால் பாறையில்தான் போய் நிற்பார்கள். நீரின் வேகத்தைவிடக் கூடவோ குறையவோ போனால்தான் படகு சொன்னபடி திரும்பும்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒரு சொல்: 'எடி'. அகராதிகள் இதற்குச் 'சுழல்', 'சுழி' என்று தருகின்றன. சுழி என்றால் ஆளை உள்ளே இழுப்பது என்று நமக்குச் சிறு வயதிலேயே பதிந்திருக்கிறது. துடுப்புக்காரருக்கோ எடிதான் அடைக்கலம். ஆறு பெரிய பாறையைக் கடந்ததும், அதன் பின்புறத்தில் நீர் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி மெதுவாக வரும். படகை அங்கே திருப்பி நிறுத்தி மூச்சு வாங்கலாம், அடுத்த பாய்ச்சலை எட்டிப் பார்க்கலாம். இதை 'ஒதுக்குநீர்' என்று சொல்வதே பொருத்தம். மூழ்கிய பாறைக்கு மேலே ஏறி விழுந்த நீர், விழுந்த இடத்திலேயே புரண்டு புரண்டு படகையும் ஆளையும் வெளியே விடாமல் பிடித்து வைப்பதை 'ஹோல்' என்பார்கள். சுழி என்ற சொல்லை இதற்கு ஒதுக்கலாம், அந்தப் பயம் இதற்குத் தகும். 'சுழியில் போய் நில்' என்று ஒரு பயிற்சிக் குறிப்பை மொழிபெயர்த்துக் கொடுத்தால், அதைப் படித்தவர் எந்தச் சுழிக்குள் போவார் என்று யாருக்குத் தெரியும்?