வாரண்டி முடிந்தது, சர்வீஸுமா முடிந்தது?

போன ஞாயிறு சாயங்காலம் குன்னூரில் ஷெட்டை மூடப்போகிற நேரம் ஒரு குடும்பம் வந்து நின்றது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது மரப்பாலத்துக்குக் கொஞ்சம் மேலே பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிவிட்டதாம், ஹேண்ட்பிரேக்கை இழுத்து எப்படியோ மண்மேட்டில் ஒதுக்கியிருக்கிறார்கள். அரைமணி கழித்து மிதித்தால் பழையபடி பிடிக்கிறது. அதை நம்பி மலையேறித் திரும்பி வந்துவிட்டு, "இப்ப நல்லாத்தான் இருக்குண்ணா, சும்மா ஒரு தடவை பாத்துடுங்க, உடனே இறங்கணும்" என்கிறார் ஓட்டியவர். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். இந்த சீசனில் எனக்கு இது நாலாவது வண்டி.

பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் உள்ளே பால் விடாத டீ. கடைசியாக எப்போது மாத்தினீர்கள் என்று கேட்டேன். "வாரண்டி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுண்ணா, அதுக்கப்புறம் கம்பெனிக்கு விடல" என்றார். வெளியிலும் விடவில்லை!

இதைத்தான் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன். வாரண்டி என்பது தயாரிப்பில் இருக்கிற குறைக்குக் கம்பெனி கொடுக்கிற பொறுப்பு. சர்வீஸ் என்பது ஓட ஓடத் தேய்வதற்கு நாம் செய்கிற பராமரிப்பு. பிரேக் பேடும் கிளட்ச் பிளேட்டும் தேய்ந்தால் வாரண்டி இருந்த நாளிலேயே உங்கள் காசில்தான் மாற்றினீர்கள், அப்புறம் அந்தத் தேதி தாண்டியதும் சர்வீஸை நிறுத்த என்ன காரணம்? கம்பெனி சென்டரில் செலவு ஜாஸ்தி என்றால் நம்பிக்கையான வெளி ஷெட்டில் விடுங்கள், தப்பே இல்லை, ஆனால் விடுங்கள்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்கிற ரக பிரேக் ஆயில் புதிதில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும், தண்ணீர் சேர்ந்தபின் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழி வந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு சுமார் 1,500 மீட்டர் இறக்கம், டாப் கியரில் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் அந்தச் சூடு தாராளமாக வரும். ஆறினதும் பெடல் திரும்பி வருவது கோளாறு சரியானதால் இல்லை, அடுத்த இறக்கத்தில் மறுபடி அமுங்கும். தயவுசெய்து அதை நம்பி ஓட்டாதீர்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிப் பக்கம் கல்லட்டி மலைப்பாதையில் இறங்குபவர்களுக்கும் இதே வார்த்தைதான், அங்கே 36 கொண்டை ஊசி வளைவு.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயில் மாற்றுங்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வேலை மலையில் வேண்டவே வேண்டாம். வேலைக்கு விடும்போது எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள், கழட்டின பழைய பார்ட்ஸைக் காட்டச் சொல்லுங்கள், பில் இல்லாமல் நகராதீர்கள். மாற்றின பார்ட்டுக்குத் தனி வாரண்டி இருக்கலாம், வேலையில் குறை என்றால் இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டுக்கும் அந்தத் துண்டுக் காகிதம் வேண்டும். இன்னொன்று, சேஸிஸ் நம்பரைச் சொல்லி உங்கள் வண்டிக்கு ரீகால், அதாவது தயாரிப்புக் குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடுவது, இருக்கிறதா என்று கம்பெனியில் கேளுங்கள். பாதுகாப்புக் குறைக்கான ரீகால் என்றால் வாரண்டி முடிந்தும் பெரும்பாலும் இலவசமாகவே செய்து தருவார்கள். கேட்பவர்தான் இல்லை.

அந்தக் குடும்பத்தை அன்று ராத்திரி நான் இறங்க விடவில்லை, கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் தங்க வைத்தேன். காலையில் அவரையே பெடலை மிதிக்கச் சொல்லி, குழாயில் கறுப்பாக வந்த ஆயில் தேன் நிறமாக மாறும்வரை நாலு சக்கரத்திலும் இறக்கினேன். கண்ணாடி மாதிரி பளபளத்துப்போன முன் பேடுகளையும் மாற்றினோம். பர்லியார் தாண்டினதும் போன் பண்ணச் சொல்லியிருந்தேன், பண்ணினார்.