பகுவல்: ‘ஃபிராக்டல்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி

போன வாரம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நான்காம் படிவத்தில் படிக்கும் அவள் மகள் கணினியில் எதையோ சுழற்றிக்கொண்டிருந்தாள். பலாக்காயும் பவளப்பாறையும் கலந்து செய்ததுபோல ஓர் உருண்டை. உள்ளே போகப் போக அதே முட்கள், அதே குகைகள். “மாமா, மலாய்ல இத ஃபிராக்டல்னுதான் சொல்றாங்க. தமிழ்ல என்ன?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

சொல்லின் பிறப்பில் குழப்பமில்லை. பெனுவா மாண்டல்பிராட் என்ற கணிதர் 1975-இல் பிரெஞ்சில் எழுதிய நூலில் அறிமுகப்படுத்தினார். ‘ஃபிராக்டஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு உடைந்தது என்று பொருள். எலும்பு முறிந்தால் மருத்துவர் சொல்லும் ஃபிராக்சரும் அதே குடும்பம்தான்.

அப்படியென்றால் ‘பின்னம்’ என்றே சொல்லிவிடலாமே? மூக்கு உடைந்த சிலையைப் பின்னமான சிலை என்கிறோம். அரை, கால் எல்லாம் பின்னம். பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. அதைச் சொல்ல ஒரு தௌஹு (சோயாப் பாலில் செய்யும் டோஃபு) கட்டி வேண்டும்.

அக்கா சமையலுக்கு வைத்திருந்ததில் ஒன்றை எடுத்தோம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மும்மூன்றாக வெட்டினால் 27 துண்டுகள். ஆறு முகங்களின் நடுத்துண்டுகளையும், உள்ளே ஒளிந்திருக்கும் ஒன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் 20. (உள்துண்டை நோண்டுவதற்குள் பாதி நொறுங்கிவிட்டது. அக்கா பக்கம் நான் திரும்பவில்லை.) மிஞ்சிய ஒவ்வொரு துண்டிலும் இதையே முடிவில்லாமல் செய்தால் கிடைப்பதுதான், 1926-இல் கார்ல் மெங்கர் விவரித்த பஞ்சு. ஒரு கோட்டை மூன்று மடங்கு பெரிதாக்கினால் அதில் பழைய கோடு 3 முறை அடங்கும்; சதுரம் 9 முறை; கனசதுரம் 27 முறை. 3-இன் அடுக்கு முறையே 1, 2, 3. அதுதான் பரிமாணம். பஞ்சோ 20 முறை அடங்குகிறது. கணக்குப் போட்டால் பரிமாணம் சுமார் 2.727.

இனி வில்லங்கத்துக்கு வருவோம். பின்னம் என்று பெயர் வைத்தால், பரிமாணமும் பின்னமாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். அவர் பெயராலேயே வழங்கும் புகழ்பெற்ற வடிவமான மாண்டல்பிராட் கணத்தின் விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரிமாணம் சரியாக 2 என்று ஷிஷிகுரா என்ற ஜப்பானியக் கணிதர் நிறுவினார். முழு எண்! ஆனாலும் அது ஃபிராக்டல்தான், ஏனென்றால் சாதாரண ஓரக்கோட்டுக்குப் பரிமாணம் 1 போதும், இது அதை மிஞ்சுகிறது. அப்படி மிஞ்சுவதுதான் மாண்டல்பிராட் கொடுத்த இலக்கணம்.

அதனால் என் ஓட்டு ‘பகுவல்’ என்ற சொல்லுக்கு. பகுதி, பகுப்பு, பள்ளியில் படித்த பகுபதம் எல்லாம் ‘பகு’ என்ற வேரில் பிறந்தவை. உடைதலும் வருகிறது, பின்னக் கணக்கும் குறுக்கே வருவதில்லை. ‘பகுவியல்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது துறைக்குப் பெயராக இருக்கட்டும், பொருளுக்கு வேண்டாம்.

சரி, மூன்றுக்கும் மேற்பட்ட பரிமாணங்கள் கொண்ட வெளியில் இருக்கும் பகுவலை ‘உயர் பரிமாணப் பகுவல்’ என்று சொல்லலாமா? இதில் இரண்டு பரிமாணங்கள் மோதுகின்றன. ஒன்று வீட்டின் அளவு, அதாவது பகுவல் இருக்கும் வெளி; மற்றது குடியிருப்பவரின் அளவு, அதாவது பகுவலே. மெங்கர் பஞ்சின் வீடு 3, ஆள் 2.727. ‘உயர்’ என்பது வீட்டைப் பற்றிய பேச்சு. அதனால் நாற்பரிமாண வெளிப் பகுவல் என்று வெளியையும் சேர்த்துச் சொல்வதே தெளிவு.

நான்கு எதற்கு? மாண்டல்பிராட் கணம் போன்ற பகுவல்களை வரைய எண்களைத் திரும்பத் திரும்பப் பெருக்க வேண்டும். 1843-இல் ஹாமில்டன் நான்கு கூறு கொண்ட எண்களைக் கண்டுபிடித்தார். மூன்று கூறில் ஒழுங்காகப் பெருக்கி வகுக்கும் எண்களே கிடையாது. ஆகவே அந்த நான்கு கூறு எண்களில் பகுவலைக் கணக்கிட்டு, ஒரு வெட்டுமுகத்தை மட்டும் திரையில் காட்டுகிறார்கள். கணினி திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிரை அனுப்புகிறது. மேற்பரப்பு குறைந்தது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணித்து, அவ்வளவு மட்டும் கதிரை முன்னே நகர்த்துகிறது, திரும்பவும் கணிக்கிறது. இருட்டில் கைத்தடியால் துழாவி நடப்பதுபோலத்தான்.

மருமகள் சுழற்றியது வேறு வழி. 2009-இல் டேனியல் வைட்டும் பால் நைலாண்டரும் முப்பரிமாண வெளியிலேயே, கோணங்களை 8 மடங்காக்கி, தூரத்தை 8-ஆம் அடுக்குக்கு உயர்த்தி உருவாக்கிய மாண்டல்பல்ப். ‘பல்ப்’ என்றால் விளக்கு மட்டுமல்ல, ஆங்கிலத்தில் பூண்டுக்கும் அதே சொல்தான் என்றேன். அவள் கோப்பின் பெயரை அழித்துவிட்டு ‘மாண்டல்பூண்டு’ என்று தட்டினாள்.