ஒன்றாம் எண் கூண்டு துறைமுகத்துக்கு ஏற்றியது, உங்கள் படகுக்கு அல்ல

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாத இன்னொரு ஃபைபர் படகைப் பற்றி இந்த வாரமும் கேட்க நேர்ந்தது. கடலோர ஊர்களில் மீனவர்களுக்குக் கடல் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது என் பணி. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் முதலில் விசாரிப்பேன். இம்முறையும் சேர்ந்திருந்தது. படகில் போனவரின் அண்ணன், வானிலை மையத்தின் அறிக்கை முந்தின நாள் மதியமே ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்திருந்ததைக் கைப்பேசியில் காட்டினார். "படிச்சோம் சார். ஆனா புயல்னு போடலையே, பேரும் வைக்கலையே, ஒண்ணாம் நம்பர் கூண்டுதானே ஏத்தியிருந்தாங்க" என்றார். இதே பதிலை எத்தனையோ கரைகளில் கேட்டுச் சலித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றிச் சொல்கிறேன். 1 முதல் 11 வரை உள்ள எண்களைப் பலர் ஏறிக்கொண்டே போகும் ஆபத்தின் அளவாகப் புரிந்துகொண்டு, "ஒன்றுதானே, மூன்று ஏறட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். அந்தக் கூண்டு துறைமுகத்துக்கும் அங்கு நிற்கும் கப்பல்களுக்கும் ஏற்றப்படுவது. தொலைதூரக் கடலில் பலத்த காற்றுடன் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்குப் பாதிப்பில்லை என்பதே ஒன்றாம் எண்ணின் பொருள். 5, 6, 7 மூன்றும் ஏறக்குறைய ஒரே அபாயத்தைத்தான் குறிக்கின்றன. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதில் மட்டுமே அவை வேறுபடுகின்றன. 8, 9, 10 ஆகியவையும் அப்படியே. ஒன்றாம் எண் சொல்லும் தொலைவு துறைமுகத்திலிருந்து அளந்த தொலைவு என்பதைத் தயவுசெய்து மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கரையிலிருந்து முப்பது கடல் மைல் கிழக்கே வலை விட்டிருப்பவர், துறைமுகத்தைவிட அந்தத் தாழ்வு மண்டலத்துக்கு முப்பது கடல் மைல் அருகே போய் நிற்கக்கூடும். பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் தொழிலுக்குப் போனவர் அதன் நடுவிலேயே இருக்கலாம்.

பெயர் விஷயமும் இதே கதைதான். காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டரை எட்டினால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைப் புயல் என்று அறிவித்துப் பெயர் சூட்டும். அதற்குக் கீழே இருப்பது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அறுபது கிலோமீட்டர் வேகக் காற்றுக்குப் பெயர் இல்லை என்பதற்காக, இருபத்தெட்டு அடிப் படகை அது கவிழ்க்காமல் விட்டுவிடுமா? "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக்காற்று வீசக்கூடும்" என்று அறிக்கையில் வழக்கமாக வரும் வரியை நாம் படித்துப் படித்து மரத்துப்போயிருக்கிறோம். அந்தக் காற்று நீடித்து வீசினால் அலை மூன்று மீட்டருக்கு மேல் எழும்; அதில் வலை வாங்க, அதாவது வலையை இழுக்க, குனிந்து நிற்பவர் நிலைகொள்ள முடியாது.

2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் முற்பகலில் குமரிக்கடலில் ஒக்கி என்ற பெயரைப் பெற்றது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் அதற்கு வெகுமுன்பே புறப்பட்டுப் போயிருந்தன. குமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அந்த ஒரே நாளின் விலையைக் கொடுத்தன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சலோ நாள்கணக்கில் தாழ்வு மண்டலமாகவே கிடந்து, பெயர் பெற்ற மறுநாளே புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடல் நீர் சூடேறிவரும் இக்காலத்தில் புயல்கள் வேகமாக வலுப்பெறுவதும், அரபிக்கடலில் அவை அடிக்கடி உருவாவதும் ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ள உண்மைகள். ஆகவே பெயர் வரட்டும் என்று காத்திருக்க உங்களுக்கு நேரம் கிடைக்காது.

வாடைக் காற்றையும் கொண்டல் காற்றையும் முகத்தில் பட்ட மாத்திரத்தில் இனங்காணும் பெரியவர்களின் அறிவை நான் குறைத்துப் பேசவில்லை. பயிற்சியில் நான் சொல்வதில் பாதி அவர்களிடம் கற்றதுதான். ஆயினும் வானம் தெளிந்து, காற்றே இல்லாத நாளில், தென் இந்தியப் பெருங்கடலில் பிறந்த அலை பல நாள் பயணம் செய்து வந்து கரையைத் தாக்கும் கள்ளக்கடலை வானத்தைப் பார்த்து எப்படி அறிவது? ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கென்றே தனி எச்சரிக்கை வெளியிடுகிறது.

அறிக்கை கைக்கு வந்தவுடன் கடைசிப் பகுதிக்குப் போங்கள். மீனவர்களுக்கான எச்சரிக்கை பெரும்பாலும் மாவட்ட மழை விவரங்களுக்கெல்லாம் பின்னால்தான் இருக்கும். தொலைக்காட்சியோ பள்ளி விடுமுறையோடு நிறுத்திக்கொள்ளும். மீனவர்களுக்கான அந்த எச்சரிக்கையில் உங்கள் கடல் பகுதியின் பெயர் இருந்தால் போகாதீர்கள், அவ்வளவுதான். கூண்டு எண்ணையும் புயலின் பெயரையும் தேட வேண்டாம். உயிர்காப்பு அங்கியைத் தலையணையாக்கிப் படகின் முன்பகுதியான அணியத்தில் போட்டு வைக்காதீர்கள். வலை வாங்க இடைஞ்சல் என்பது உண்மைதான், ஆனால் காற்று ஏறிய பிறகு அதன் வாரைக் கட்ட இரண்டு கைகளும் ஒழியாது. கரையை விட்டுச் சில மைல்களிலேயே கைப்பேசி சிக்னல் போய்விடும் என்பதால், வயர்லெஸ் கருவியின் மின்கலத்தைப் புறப்படுமுன் சோதியுங்கள். கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண் வீட்டிலிருப்பவர்களுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

படகில் யார் யார் போகிறார்கள் என்று எழுதிக் கரையில் கொடுக்காமல் எந்தப் படகும் புறப்படக் கூடாது. ஒக்கியின்போது காணாமல்போனவர்களின் பட்டியலைத் திரட்டவே பெரும்பாடாயிற்று. ஏழாண்டுகள் தகவல் இல்லாதவரையே இறந்தவராகக் கருதச் சட்டம் இடம் தருகிறது. உடலும் கிடைக்காமல், போனதற்கு ஒரு சீட்டும் இல்லாமல், அந்த மனைவி எந்த அலுவலகத்தில் போய் எதைக் காட்டுவார்?

இவ்வளவையும் தெரிந்துகொண்டே போகிறவர்களும் உண்டு. எச்சரிக்கை நாளில் பத்துப் படகு போகிற இடத்தில் இரண்டுதான் போகும். மீனுக்கு விலை கூடும். முன்பணம் கொடுத்த வியாபாரி வாசலில் நிற்பார். அத்தகையவரிடம் அலையின் உயரத்தைச் சொல்லிப் பயனில்லை. ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் வியாபாரிகளிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: எச்சரிக்கை நாள்களில் எந்தப் படகும் இறங்கக் கூடாது என்று பஞ்சாயத்தே கட்டுப்பாடு விதிக்கட்டும், அந்த நாள்களுக்குரிய தவணையை வியாபாரிகள் தள்ளிவைக்கட்டும். இதை அடுத்த தாழ்வு நிலை உருவாகும்போது பேச வேண்டாம். இந்த வாரமே ஊரைக் கூட்டிப் பேசி முடிவெடுங்கள்.