ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் என்றால் இன்ஜின் படிப்பு மட்டும் இல்லை

தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி. கணக்கும் இயற்பியலும் நன்றாக வரும். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்திருந்தது, அவளே ஆசைப்பட்டுக் கேட்ட இடம். வீட்டில் உட்கார்ந்து பேசி, "இன்னும் கொஞ்ச வருஷத்தில் எல்லாம் எலெக்ட்ரிக் வண்டி ஆகிவிடும், இன்ஜினே இருக்காது, இதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்று வேறு படிப்புக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு விஷயம் தெரிந்தபோது கட்டணமும் கட்டி முடித்திருந்தார்கள்.

அதே வாரம் நான் வேலை பார்க்கும் வாகன நிறுவனத்தில் புதிதாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு நேர்முகத் தேர்வு நடத்தினோம். ஒரு பையன் வந்தான். எந்தக் காருக்கு எவ்வளவு குதிரைத்திறன், எது எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்று மூச்சுவிடாமல் சொன்னான். "சரி, ஓடுகிற காரில் பிரேக் பிடித்தால் முன் சக்கரங்களின் மேல் எவ்வளவு எடை கூடும்? படம் போட்டுக் கணக்கிட்டுக் காட்டு" என்றேன். ஒரு கோடுகூட விழவில்லை. நாலு வருஷம் படித்திருக்கிறான்.

இரண்டும் ஒரே நோய்தான். அந்தப் பெண்ணின் வீட்டார் பயந்து விலகியது இன்ஜினை நினைத்து. இந்தப் பையன் ஆசையாக வந்து சேர்ந்ததும் இன்ஜினை நினைத்து. வண்டி என்றால் இன்ஜின், இன்ஜின் போனால் வண்டிப் படிப்பும் போச்சு என்ற எண்ணம் எப்படித்தான் இவ்வளவு ஆழமாக இறங்கியதோ! சேர்க்கை தொடங்கும் ஒவ்வொரு முறையும் இதே பேச்சைக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. சாலை வாகனம் ஒன்று முதன்முதலாக மணிக்கு 100 கி.மீ வேகத்தைத் தாண்டியது 1899-இல். ஓட்டியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்ஸி. அந்த வண்டி பெட்ரோலில் ஓடவில்லை, பேட்டரியில் ஓடியது. மின்வண்டி இந்தத் துறைக்கு வெளியிலிருந்து வந்து புகுந்த எதிரி இல்லை. தொடக்கத்திலிருந்தே இங்கேதான் இருக்கிறது.

நான் பிரேக் பிரிவில் இருப்பதால் அதிலிருந்தே சொல்கிறேன். 1500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 580 கிலோஜூல். பேட்டரியைச் சுமந்து எடை 2000 கிலோ ஆனால், அதே வேகத்தில் 770 கிலோஜூல். வண்டியை ஓட்டியது பெட்ரோலா மின்சாரமா என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. அத்தனையையும் நிறுத்தியாக வேண்டும், நேர்கோட்டில் நிறுத்த வேண்டும், மழையில் நிறுத்த வேண்டும், இறக்கத்தில் திரும்பத் திரும்ப நிறுத்த வேண்டும்.

மின்வண்டியில் இந்த வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. நல்லதுதான். ஆனால் பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதை எங்கே அனுப்புவது? சாலை வழுக்கி, சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கும் நொடியில் மோட்டாரின் பங்கை எவ்வளவு விரைவாக விலக்குவது? விலக்கும்போது ஓட்டுபவரின் காலுக்கு வித்தியாசம் தெரியக் கூடாதே, அதற்கு என்ன செய்வது? மோட்டாரும் டிஸ்க் பிரேக்கும் இப்படிப் பங்கு பிரித்துக்கொள்வதை பிரேக் பிளெண்டிங் என்போம். இதைச் சரியாகச் செய்து முடிக்க ஒரு குழு மாதக்கணக்கில் சோதனைத் தடத்தில் கிடக்கும். இன்னொன்று, டிஸ்க்குக்கு வேலை குறைந்ததால் அது துருப்பிடிக்கிறது என்று புது வகைப் புகார்கள் வருகின்றன. பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தப் பிரச்சினை எங்கள் மேசைக்கு இந்த அளவில் வந்ததே இல்லை.

பிரேக் மட்டும்தானா? இன்ஜின் சத்தம் நின்றதும், அதுவரை அது மூடி மறைத்த அத்தனை சத்தமும் வெளியே வந்துவிட்டது: டயர் இரைச்சல், கண்ணாடி ஓரத்தில் காற்று, கியரின் கீச்சொலி, டேஷ்போர்டுக்குள் எங்கேயோ ஒரு பிளாஸ்டிக் கடகடப்பு. இரைச்சல், அதிர்வுப் பிரிவில் இருக்கும் நண்பர்களுக்கு இப்போதுதான் தலைக்கு மேல் வேலை. அதே சமயம் மெதுவாகப் போகும் மின்வண்டி சத்தமே இல்லாமல் வந்தால் நடப்பவர்களுக்கு ஆபத்து. அதனால் 20 கி.மீ வேகம் வரை வண்டி ஒலி எழுப்பியாக வேண்டும் என்று ஐ.நா.வின் 138-ஆம் வாகன விதி சொல்கிறது. அந்த ஒலியை வடிவமைப்பதும் அளந்து பார்ப்பதும் ஒரு இன்ஜினியரின் வேலை.

வெப்பத்தைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜின் தன் எரிபொருளில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணடிக்கும். குளிர்காலத்தில் அந்த வீண் வெப்பம்தான் காருக்குள் இலவசமாக வந்தது. மின்வண்டியில் அதையும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும், எடுத்தால் போகும் தூரம் குறையும். பேட்டரியும் அதிகம் சூடாகக் கூடாது, அதிகம் குளிரவும் கூடாது. இதற்காக வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தும் ஹீட் பம்ப், குளிர்விக்கும் தகடுகள், வால்வுகள், இவற்றையெல்லாம் ஆளும் மென்பொருள் என்று ஒரு தனி உலகமே உருவாகியிருக்கிறது. மோதல் பாதுகாப்பும் அப்படித்தான். 1959-இல் வால்வோவில் நீல்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்த காலத்திலிருந்து வளர்ந்த துறை அது. இன்றைக்கு, தரைக்கு அடியில் முழு நீளத்துக்கு பேட்டரி இருக்கும் வண்டியில் பக்கவாட்டிலிருந்து ஒரு கம்பம் இடித்தால் என்ன ஆகும் என்று புதிதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டியரிங், சஸ்பென்ஷன், டயர், காற்றுத் தடை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். எதற்கும் இன்ஜின் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் கணக்கு தேவை.

அப்புறம் மென்பொருள். பாஷ் நிறுவனம் கேன் என்ற தகவல் தொடர்பு முறையை 1986-இல் அறிமுகப்படுத்தியதிலிருந்தே வண்டிக்குள் மின்னணுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று தவறினால் உயிர் போகக் கூடாது என்பதற்காகத்தான் ஐஎஸ்ஓ 26262 என்ற தரநிலை 2011-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது. இந்தத் தரநிலையின் பெயரையாவது கேள்விப்பட்டிருக்கும் புதுப் பட்டதாரியைப் பார்ப்பதே அரிதாக இருக்கிறது. வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் ஆள் தேடுவது இங்கேதான். வண்டியும் தெரிந்து நிரலும் எழுதத் தெரிந்தவர் எங்களுக்குக் கிடைப்பதில்லை. நிரல் மட்டும் தெரிந்தவருக்கு, சக்கரம் பூட்டிக்கொள்வது என்றால் என்ன என்பதிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. இன்ஜின் கேலிபரேஷன் (இன்ஜினின் கட்டுப்பாட்டு அளவுகளைச் சீராக்குவது), எரிபொருள் செலுத்தும் அமைப்பு போன்ற பிரிவுகள் பல நிறுவனங்களில் சுருங்குவது உண்மை. கனரக லாரி, பண்ணை இயந்திரம், ஹைப்ரிட் ஆகியவற்றில் இன்ஜின் இன்னும் ஓடுகிறது. ஆனாலும் இன்ஜின் ஒன்றை மட்டும் நம்பி முழு வாழ்க்கையையும் போட்டுவிடாதீர்கள். வாகனத் தொழில் பொருளாதாரத்தோடு ஏறி இறங்கும் தொழிலும்கூட. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நடவடிக்கைக்குப் போனதைப் பார்த்த தலைமுறை நாங்கள். தொடக்கச் சம்பளமும் பெரிய மென்பொருள் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் பல இடங்களில் குறைவுதான். முதல் வருஷமே வசதியான சம்பளம் வேண்டும் என்றால் இந்தப் படிப்பு உங்களை ஏமாற்றும். அதைச் சேரும்முன் தெரிந்துகொள்வது நல்லது.

வேலை எங்கே என்று கேட்டால், எல்லாரும் பானெட்டில் இருக்கும் பெயரைத்தான் சொல்கிறார்கள். வண்டியின் பெரும்பாலான பாகங்களை அந்த நிறுவனங்களே செய்வதில்லை. பாஷ், இசட்எஃப், டென்சோ, வலேயோ போன்ற உதிரிபாக நிறுவனங்கள்தான் வடிவமைத்துச் செய்து தருகின்றன. ஆழமான வேலை பலவும் அங்கேதான் நடக்கிறது. இதைத் தவிர, கணினியில் மோதிப் பார்க்கும் சிமுலேஷன், சோதனைத் தடம், தொழிற்சாலை உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, புது மாடலுக்கு அரசு ஒப்புதல் வாங்கித் தரும் ஹோமலோகேஷன், காப்பீட்டுக்கான விபத்து ஆய்வு என்று பிரிவுகள் விரிந்து கிடக்கின்றன. ஹோமலோகேஷன் என்ற ஒரு வேலை இருப்பதே கடைசி வருஷ மாணவர்கள் பலருக்குத் தெரியவில்லை. விதிமுறையைப் பொறுமையாகப் படிக்கிறவர்களுக்கு அங்கே நல்ல எதிர்காலம் உண்டு.

"மெக்கானிக் ஆவதற்கா பட்டப்படிப்பு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. மெக்கானிக்கின் கைத்திறன் தனிப் பயிற்சியில் வருவது, அதை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தப் பட்டம் அந்தத் திறமையைத் தராது. அவர் கழற்றி மாட்டும் பாகம் எந்தக் கனத்தில், எந்த உலோகத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய இது கற்றுத்தரும். இரண்டும் வேறு வேறு வேலை.

மெக்கானிக்கலா, ஆட்டோமொபைலா என்ற குழப்பத்துக்கு அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். வேறு துறைக்கும் வழி திறந்திருக்க வேண்டும் என்றால் மெக்கானிக்கல் எடுங்கள். வண்டிதான் என்று மனம் உறுதியாக இருந்தால் ஆட்டோமொபைல் எடுங்கள்.

சேரும் முன்னால் தயவுசெய்து பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். கட்டடத்தையும் வாசலில் நிறுத்திவைத்த பந்தயக் காரையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் இருக்கிறதா? வண்டியின் அசைவைக் கணக்கிடும் வெஹிக்கிள் டைனமிக்ஸ் இருக்கிறதா? மோட்டார், பேட்டரி, கருவிகளுக்குள்ளேயே இருக்கும் சிறு கணினிகளைப் பற்றிய எம்பெடட் சிஸ்டம்ஸ் இருக்கிறதா? பழைய பெட்ரோல் இன்ஜின்களில் இருந்த கார்புரேட்டருக்கு ஒரு முழு அத்தியாயம் இருந்து பேட்டரிக்கு ஒரு வரிகூட இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம். ஆய்வகத்துக்குள் போய்ப் பாருங்கள். வெட்டிக் காட்டிய இன்ஜின் மட்டும் இருக்கிறதா, மாணவர் தொட்டு அளவெடுக்கும் கருவிகளும் இருக்கின்றனவா? மூத்த மாணவரிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கணக்கு பிடிக்காது, ஆனால் கார் ரொம்பப் பிடிக்கும் என்றால், தம்பி, உனக்கு வேறு நல்ல வழிகள் இருக்கின்றன. விற்பனை, வாகன இதழியல், ஓட்டுநர் பயிற்சி, சர்வீஸ் நிர்வாகம், எல்லாமே மதிப்பான தொழில்கள். இந்தப் பட்டத்தில் வந்து மாட்டிக்கொள்ளாதே.

கடைசி வருஷப் புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குகிறீர்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். "இந்த ஸ்பிரிங்கை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டதும் முகம் மாறும். அத்தோடு முடிந்தது. நீங்களே செய்து தோற்றுப்போன புராஜெக்டைக் கொண்டுவாருங்கள், ஏன் தோற்றது என்று கணக்கோடு சொல்லுங்கள். நான் வேலை கொடுப்பேன்.

மாணவர்களே சிறு பந்தயக் காரை வடிவமைத்துக் கட்டும் ஃபார்முலா எஸ்ஏஇ போன்ற போட்டிகளில் கண்டிப்பாகச் சேருங்கள். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் ஆசைக்காக மட்டும் சேராதீர்கள். அந்தப் போட்டியின் 1000 புள்ளிகளில் 325 வண்டி ஓடாமலேயே கிடைக்கும்: வடிவமைப்பை நடுவர் முன் விளக்குவதற்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிக விளக்கத்துக்கு 75. எங்கள் அலுவலகத்தில் நடக்கும் வேலைக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "கிரீஸ் வேலை, பெண்ணுக்கு ஒத்துவராது" என்று சொல்லித் தடுக்காதீர்கள். எங்கள் சோதனைத் தடத்தில் ஈர மேற்பரப்பில் வண்டியை ஓட்டி ஏபிஎஸ்ஸைச் சரிசெய்யும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் நாங்கள் மென்பொருளை மாற்றுகிறோம்.

ஏற்கெனவே மூன்றாம் வருஷத்தில் இருந்துகொண்டு, தவறான படிப்பில் சேர்ந்துவிட்டோமோ என்று பயப்படுகிறவர்கள், படிப்பை விட்டு ஓட வேண்டாம். விருப்பப் பாடமாக மோட்டார் கண்ட்ரோல், பேட்டரி மேலாண்மை, சிமுலேஷன் இவற்றில் ஒன்றை எடுங்கள். சிமுலிங்க் என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஒரு கால்பங்கு கார் (ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் கணக்கில் எடுக்கும்) சஸ்பென்ஷன் மாதிரியை நீங்களே கட்டுங்கள், பைத்தானில் கேன் தரவைப் படிக்கப் பழகுங்கள். விடுமுறையில் ஏதாவது உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேருங்கள், சிறிய தொழிற்சாலையாக இருந்தாலும் பரவாயில்லை. நேர்முகத் தேர்வுக்கு வரும்போது, பிரேக் பிடித்த காரின் படத்தை வெள்ளைத் தாளில் வரைந்து விசைகளைக் குறிக்கப் பழகிவிட்டு வாருங்கள். முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பேன்.